ஆத்தாளிடம் பூக் கேட்டு வாங்கிய வண்டி

எங்கள் ஜீப்பைச் சமதரையில் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சமதரையில் நின்றால் அது மறுபடி கிளம்பாது. மேட்டில் நிறுத்தி, சரிவில் உருளவிட்டு, உருளும்போதே கியரைப் போட்டால்தான் இருமிக்கொண்டு உயிர் பிடிக்கும். அதனால் காரமடை வட்டாரத்தில் எங்கெங்கே மேடு இருக்கிறது என்பது அப்பாவுக்கு மனப்பாடம். கல்யாணத்துக்குப் போனால் மண்டபம் ஓரிடத்தில் இருக்கும், ஜீப்பு அடுத்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மாவும் நானும் பட்டுடுத்திக்கொண்டு வெயிலில் நடப்போம். அப்பா சாவியை விரலில் சுழற்றியபடி முன்னால் போவார். நாங்கள் ஜீப்பில் வந்தவர்கள் என்பதற்கு அந்தச் சாவி ஒன்றுதான் சாட்சி.

தள்ளுவதற்கு ஆள் இருந்தால் சமதரையிலும் கிளப்பலாம். ஆனால் தள்ள ஆள் கூப்பிடுவது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். தோட்டத்துக்குள் நாங்கள் தள்ளலாம், அது கணக்கில் சேராது. ரோட்டில் ஊரார் கைவைத்துத் தள்ளினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தில் பெரும்பகுதி கறிவேப்பிலைதான். அது முழுக்க அம்மாவின் பொறுப்பு. விடிந்தும் விடியாமலும் ஆட்களோடு நின்று ஒடித்து, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பாள். அந்தக் கட்டுகள் மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கேரளாவுக்குப் போகும் லாரி காலையிலேயே கிளம்பிவிடும். ஜீப்பை ஓட்டத் தன்னால் மட்டும்தான் முடியும் என்பது அப்பாவின் எண்ணம். அவரோ ஒரு பஞ்சாயத்து, ஒரு நிச்சயதார்த்தம், ஒரு கிடாவெட்டு, எதையும் விடாதவர். யாராவது வாசலில் வந்து "ஏனுங்க, ஒரு நாயம் பேசோணும்" என்றால் போதும், அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு போய்விடுவார். "இதா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கட்டுகள் சாக்குக்கு அடியில் கிடந்து புழுங்கும். அம்மா வாசலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஒரு லீவு நாளில் அப்பா அம்மாவோடு நானும் மார்க்கெட்டுக்குப் போனேன். அன்றைக்கும் அப்பா ஒரு நியாயம் பேசிவிட்டுத்தான் வந்தார். வெயில் ஏறிவிட்டது. ஜீப்பின் பின்னால் திணித்திருந்த கட்டுகளுக்குக் காற்றே இல்லை, கீழே இன்ஜின் சூடு. மார்க்கெட்டில் வியாபாரி ஒரு கட்டின் நடுவிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஓர் உதறு உதறினார். இலையெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. கையில் வெறும் ஈர்க்கு நின்றது. "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது தாளிக்கறதுக்கு ஆகாதுங்க. எருக்குழிக்குத்தானுங்க ஆகும்" என்றார். எங்கள் பக்கத்தில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் வலி குறையும் என்று யாரோ தவறாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அம்மா பக்கத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அடுத்த தோட்டத்துக்காரர் வாங்கியிருந்த பிக்கப் அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி, அதில் பச்சைப் பசேலென்று கறிவேப்பிலை. எங்களுக்குப் பிறகு ஒடித்த இலை, எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அம்மா அந்த டிரைவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வழிவிட்டார். அம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி நின்ற இடம் நல்ல சமதரை. ஒரே திருகில் கிளம்பிவிட்டது. அம்மா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தின்பண்டம் கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தாள். ஜீப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பிக்கப் வாங்க வேண்டும். இலை நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம், பணம் ஒரு பிரச்சினையாக இல்லை. ஆனாலும் அப்பா காரணங்களை அடுக்கினார். பிக்கப்பில் மாடு ஏற்றுவார்கள். கல்யாணத்துக்கு அதில் போய் இறங்க முடியுமா? விருந்தாளி வந்தால் பெட்டியில் உட்கார வைப்பதா? ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. கடைசியில் அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"செரி, வாங்கியாச்சுன்னே வெச்சுக்கோ. யாரு ஓட்டறது? நீயா?"

"ஆமாங்க, நான்தான்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு பல நாட்கள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. வண்டி எப்படிப்பட்டது என்பதிலிருந்து, வண்டி யார் கையில் என்பதற்கு விஷயம் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் திறந்த பெட்டியில் நின்றுகொண்டு காற்று வாங்கியபடி போவது. ஆகவே நான் அம்மா கட்சி.

முடிவாக அப்பா, ஆத்தாளிடம் பூக் கேட்கலாம் என்றார். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, காட்டை விற்பதா, எதுவானாலும் மாரியாத்தாளிடம் பூக் கேட்பார்கள். ஓர் இலையில் வெள்ளரளி, இன்னோர் இலையில் செவ்வரளி. கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, பூசாரி குலுக்கி ஆத்தா காலடியில் போடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தாளுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் கோயிலில் கேட்கிறவர்கள்தான் பொட்டலம் கட்ட வேண்டும், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு மனதில் ஒன்றும் இருக்காது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. என் மனதில் பிக்கப் பெட்டி முழுசாக உட்கார்ந்திருந்தது.

அந்த அமாவாசைக்கு அம்மா கட்டினாள். நான் கண்ணை இறுக்க மூடி, வெள்ளை வெள்ளை என்று வேண்டிக்கொண்டு, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

அப்பா பெரிய கும்பிடாகப் போட்டார். அம்மாவும் கும்பிட்டாள், விபூதி பூசிக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேட்கலாமா என்று அம்மா பூசாரியிடம் கேட்டாள். கேட்கலாம், மூன்று தரம் வரைக்கும் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் அம்மா கறிவேப்பிலைக் கட்டுகளைச் சாக்கில் சுற்றி, ஆட்களை வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்து, பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்விட்டாள். அப்பா எழுந்து பார்த்தபோது ஜீப்பு மேட்டில் தனியாக நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கண்டக்டர்களோடு சண்டை போட்டு இடம் பிடித்தாள், பிறகு அவர்களே கைகொடுத்துத் தூக்கிப் போடுமளவுக்குப் பழகிக்கொண்டாள். காற்றோட்டமாக மேலே போனதால் இலை வாடவில்லை. தோட்டத்துக்கார வீட்டு அம்மணி சாக்குமூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று ஊரில் பேச்சு. அது அப்பா காதுக்கு வந்தது. அம்மா காதுக்கும் வந்திருக்கும். அவள் இன்னும் இரண்டு சாக்குச் சேர்த்து ஏற்றினாள்.

பிறகு இன்னொரு பேச்சும் வந்தது. டீக்கடையில் யாரோ அப்பாவிடம், "ஏனுங்க, உங்கூட்டு அம்மணி டிரைவிங் ஸ்கூல் காரு ஓட்டிட்டுப் போறதப் பாத்தனுங்க. நல்லாத்தானுங்க ஓட்டறாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா வந்து கேட்டார். அம்மா மறைக்கவில்லை. இலையைப் போட்டுவிட்டு மத்தியான பஸ் வரும்வரை சும்மாதானே நிற்க வேண்டும், அந்த நேரத்தில் கற்றுக்கொள்கிறேன் என்றாள்.

"ஆத்தா வேண்டான்னு சொன்னதுக்கப்புறமுமா?"

"வண்டி வாங்க வேண்டான்னுதானுங்க சொன்னா. ஓட்டக் கத்துக்க வேண்டான்னு சொல்லலீங்களே."

அப்பா அம்மாவைப் பார்த்தார், ஆத்தா கோயில் திசையைப் பார்த்தார், டீ குடிக்க மறுபடி கடைக்கே போய்விட்டார்.

அந்த மாதத்தில் ஒரு நாள் ஒரு சீர்வரிசைக்கு அப்பாவும் நானும் மட்டும் ஜீப்பில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் அம்மா நின்றிருந்தாள். மடித்த சாக்குகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் "அம்மா!" என்று கத்தினேன். அப்பா வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் ஜீப்பு அணையப் பார்த்தது. அந்த இடம் வேட்டி விரித்தது போலச் சமதரை. ஸ்டாப் நிறைய ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. அம்மாவைத் தாண்டிப் போய்விட்டோம். அவள் கை காட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுதூரம் போய் ஒரு மேடு கிடைத்தது. அப்பா அங்கே நிறுத்தினார். அம்மா நடந்து வந்து ஏறிக்கொள்வாள் என்று நினைத்தாரோ, திரும்பிப் போக நினைத்தாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் கை ஆட்டினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் முகம் மாதிரி இருந்தது.

அடுத்த அமாவாசை வந்தது. கோயிலில் பூசாரி பூவும் இலையும் கொண்டுவந்து வைத்ததும் அம்மா கையை நீட்டினாள். அப்பா குறுக்கே புகுந்து, "இந்தத் தடவ நான் கட்டறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

அம்மாவின் முகம் சட்டென்று இறுகியது. எனக்கே புரிந்தது. ஊர் பேசும் பேச்சுக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைக்க, அப்பா இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டிவிடப் போகிறார். தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கட்டினார். அம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டு ஆத்தாளையே பார்த்தாள். பூசாரி குலுக்கிப் போட்டார். போன முறை இடது பக்கம் காலை வாரிவிட்டதால் நான் வலது பக்கத்தை எடுத்தேன்.

வெள்ளரளி.

"ஆத்தா உத்தரவு குடுத்துப்போட்டாளுங்க!" என்றார் பூசாரி. நான் அங்கேயே குதித்தேன். அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "செரி, அப்ப வாங்கீர வேண்டியதுதான், ஆத்தாளே சொல்லிப்போட்டா" என்று உரக்கச் சொன்னார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது வழக்கம். வழியில் ஓடைப்பாலம் வருமே, அங்கே போட்டுவிடச் சொல்லிப் பூசாரி அதையும், பிரித்த வெள்ளரளியை இலையோடும் என் கையில் கொடுத்தார்.

ஜீப்பில் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அம்மா சந்தோஷத்தில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பூவை எடுத்துச் சடையில் செருகிக்கொண்டு வெறும் இலையைத் தண்ணீரில் விட்டால் ஆத்தாளுக்குத் தெரியவா போகிறது என்று நாரை அவிழ்த்தேன்.

"அம்மா, இதுலயும் வெள்ளதானுங்க இருக்குது!"

ஆத்தா சிவப்பை வெள்ளையாக்கிவிட்டாள் என்ற பெருமையில்தான் கத்தினேன். அம்மா பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தாள். அப்பா ரோட்டைப் பார்த்தார். ஓடைப்பாலம் வந்துவிட்டது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"நிறுத்துங்கன்னு சொன்னனுங்க."

பாலத்தின் மேல், சமதரையில், அப்பா ஜீப்பை நிறுத்தினார். அணைந்துவிடாமலிருக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி நின்ற இடத்தில் உறுமியது. அம்மா இறங்கி ரோட்டோரமாக நின்றுகொண்டாள்.

"போன தடவ கட்டினது நான்தானுங்க. ரண்டுலயும் வெள்ளயவே வெச்சுக் கட்ட எனக்கு எந்நேரமுங்க ஆகும்? ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு, நாயமாக் கட்டினேன். ஆத்தா வேண்டான்னா. பஸ்ஸுல போனேன்."

"நீ கேட்டது கெடச்சிருச்சல்லொ? அப்பறம் என்னங்கறே?" என்று அப்பா இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"எனக்கு இப்பிடிக் கெடைக்க வேண்டாமுங்க. நாளைக்கு ஊர்ல கேட்டா, ஆத்தா சொன்னா அதனால வாங்கினம்பீங்க. நான் எங்காச்சும் கொண்டுபோயி இடிச்சுப்போட்டா, ஆத்தா பேச்சக் கேட்டு ஏமாந்தம்பீங்க. எதுக்குங்க அவள நடுவுல இழுக்கறீங்க? வாங்கறம்னு நீங்க சொல்லுங்க. நீ ஓட்டுன்னு உங்க வாயால சொல்லுங்க. இல்லீன்னா எனக்குப் பஸ் இருக்குதுங்க."

கையில் கிடைத்த வண்டியை அம்மா ஓடையில் தூக்கிப் போடுகிறாள். ஒரு பூ போதும் என்ற இடத்தில் இரண்டு பூ வந்திருக்கிறது, பேசாமல் ஏறி உட்கார வேண்டியதுதானே? "ஏறுங்கம்மா, ஏறுங்கம்மா" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மொபெட்டில் வந்த ஒருவர் நிறுத்தி, "என்னுங்க, வண்டி மக்கர் பண்ணுதுங்களா? ஒரு கை தள்ளுட்டுங்களா?" என்றார். அப்பா வேண்டாமென்று தலையாட்டினார். அவர் எங்கள் மூவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போகிற வரைக்கும் அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அப்பா ஏதோ முணுமுணுத்தார். உறுமலில் எங்களுக்குக் கேட்கவில்லை.

"கேக்கலீங்க" என்றாள் அம்மா.

அப்பா சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

திடீரென்று அவ்வளவு அமைதி. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தள்ள ஒரு ஆள் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் மேடு கிடையாது, அப்பா அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்து அம்மாவுக்கு எதிரே நின்றார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பஞ்சாயத்தில் நாலு ஊருக்கு நியாயம் சொல்கிறவருக்கு அன்றைக்கு வாயில் வார்த்தை வர நேரம் பிடித்தது.

"அன்னைக்கு ஸ்டாப்புல உன்னய உட்டுட்டுப் போனது மனசுக்கு ஆகுல. அதத்தான் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம..." என்று நிறுத்தினார். பிறகு, "வண்டி வாங்கலாம். எனக்குச் சம்மதம். நீதான் ஓட்டற. போதுமா?" என்றார்.

"போதுமுங்க" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எருக்குழிக்கு ஆகும் என்று வியாபாரி சொன்னபோது அழாதவள், செவ்வரளி வந்தபோது அழாதவள், பாலத்துக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று முந்தானையில் முகத்தை மூடி அழுதாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் ஜீப்பின் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கேட்ட வண்டி கிடைத்துவிட்டது, ஓட்டவும் விட்டுவிட்டார், இதில் அழ என்ன இருக்கிறது? இலைகளில் கிடந்த இரண்டு வெள்ளைப் பூக்களையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் விஷயம் பிடிபட்டது. பூ இரண்டு. அப்படியென்றால் ஆத்தா இரண்டு வண்டிக்கு உத்தரவு கொடுத்திருக்கிறாள். அப்பா ஒன்றுதான் வாங்குவேன் என்கிறார். அழுகை வராமல் என்ன செய்யும்?

நான் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, அப்பாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னேன்.

"அழுவாதீங்கம்மா. இன்னொண்ண நான் பெருசாயி வாங்கித் தாறனுங்க."